தச்சு பயில்வோர்க்கு எந்த இதழ்?

தச்சுத் தொழில் தமிழர்க்குப் புதியதன்று. தேர் செய்தவர் நாம். கலம் செய்தவர் நாம். கோயிற் கதவும் செட்டிநாட்டு வீட்டின் தேக்குத் தூணும் நம் தச்சர் கைவண்ணமே. ஆயினும், அக்குடும்பங்களிற் பிறவாத ஒரு மாணவன் ஆர்வத்தால் இத்தொழிலைக் கற்க விரும்பினால் எங்கே செல்வான்? பட்டறையில் அவனை உடன் வைத்துக்கொண்டு சொல்லித்தர எவர்க்கும் பொழுதில்லை. பல்கலைக்கழகத்தில் அதற்கு வகுப்பில்லை. எஞ்சி நிற்பது ஏடு. நம் சங்கத் தோழர் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ரம்பமும் பலகையுமாக மொட்டைமாடியில் அமரத் தொடங்கியிருக்கின்றனர். அவர்கள் என்னிடம் கேட்கும் வினா ஒன்றே: “ஆண்டுக்கு ஓர் இதழுக்குத்தான் பணம் கட்ட இயலும்; எதற்குக் கட்டுவது?”

காணொளிகள் மலிந்த இக்காலத்தில் இதழ் எதற்கு என்று சிலர் எண்ணலாம். கை அசையும் விதத்தைக் காணொளி நன்கு காட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால், அளவு குறித்த வரைபடம், எம்மரத்தை எவ்வளவு கனத்தில் எடுப்பது என்ற பட்டியல், எழுதியதைச் சரிபார்த்த ஓர் ஆசிரியர் கண் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவது நல்ல இதழில்தான். மரத்தூள் படிந்தாலும் கவலையின்றி, பலகையின்மேல் விரித்து வைத்துப் பார்த்துப் பார்த்து வேலை செய்யவும் ஏடே ஏற்றது.

நான் குடியிருப்பது குஷாய்குடாவில். 1967-இல் தோன்றிய ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தின் அண்டையில் உள்ள வட்டாரம். சர்லப்பள்ளி, மௌலாலி எனச் சுற்றிலும் தொழிற்பேட்டைகள். தெருவில் நடந்தால் இரும்புக் கடை, அடுத்து மரக்கடை, அடுத்துக் கதவு நிலை செய்யும் பட்டறை. இவ்வளவு மரத்துக்கும் இவ்வளவு தச்சர்க்கும் நடுவே அமர்ந்துகொண்டு, தொடங்குவோன் அமெரிக்காவில் அச்சான ஏட்டைப் புரட்டுகிறான். அந்த ஏட்டுக்கும் இந்தத் தெருவுக்கும் உள்ள தொலைவை அளந்து பார்த்த பின்னரே பணம் கட்ட வேண்டும் என்பது என் கருத்து.

கருவியைக் கொண்டு அளத்தல்

முதலிற் காண வேண்டியது அட்டைப்படமன்று. தன் வாசகனிடம் என்னென்ன கருவிகள் உள்ளன என்று அவ்விதழ் கருதிக்கொள்கிறது என்பதைக் காண வேண்டும்.

இன்று பெயர் பெற்றுள்ள அமெரிக்க இதழ்கள் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் பிறந்தவை. ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ 1975-ஆம் ஆண்டின் குளிர்கால வெளியீட்டோடு கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கியது. டென்மார்க்கிற் பிறந்து அமெரிக்காவில் தச்சு கற்பித்த டேக் ஃபிரிட் போன்றோர் அதில் எழுதினர். ‘உட்ஸ்மித்’ 1979-இல் அயோவா மாநிலத்தின் டி மாயின் நகரிலிருந்து வந்தது. தொடக்கத்தில் அது விளம்பரங்களையே ஏற்கவில்லை. படிப்படியான வரைபடங்களே அதன் சிறப்பு. ‘வுட்’ என்னும் இதழ் அதே நகரில் 1984-இல் தோன்றியது.

இவ்விதழ்கள் மனத்திற் கொண்ட வாசகன் தனி வீடுடையவன்; காரை வெளியே நிறுத்திவிட்டுக் கார்க் கொட்டகையைப் பட்டறையாக்கிக் கொண்டவன். அவனிடம் மேசை ரம்பம் இருக்கும். பலகையைச் சீராக இழைக்கும் இயந்திரம் இருக்கும். தூளை உறிஞ்சும் குழாயும் இருக்கும். நம்மிடம் இருப்பவையோ ஒரு ரம்பம், இரண்டு உளி, ஓர் இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், சாணைக்கல். இடம், வாடகை வீட்டின் மொட்டைமாடி. அதுவும் கீழ்வீட்டுக் குழந்தை உறங்காத நேரத்தில் மட்டும்.

ஆதலின் ஒரு சிறு சோதனை சொல்வேன். வாங்க நினைக்கும் இதழின் பழைய வெளியீடு ஒன்றை எடுத்துக்கொள்க. செய்முறைக் கட்டுரைகளைப் புரட்டி, உம்மிடமுள்ள கருவிகளால் செய்யக்கூடிய படிகளுக்கு மட்டும் பென்சிலால் குறியிடுக. பாதிக்குக் குறி விழாவிடின் அவ்விதழ் இவ்வாண்டு உமக்குரியதன்று. இன்னும் மூன்றாண்டு கழித்து அதுவே சிறந்ததாகலாம். அது வேறு செய்தி.

இச்சோதனையில் முதலிடம் பெறுவது பழைய ஆங்கில ஏடொன்று என்பதுதான் வேடிக்கை. இங்கிலாந்தில் 1901-இல் தோன்றிய ‘தி உட்வொர்க்கர்’ இதழுக்குச் சார்லஸ் ஹேவர்டு என்பவர் 1939 முதல் 1967 வரை ஆசிரியராக இருந்தார். முதல் ஆறாண்டும் போர்க்காலம். தாளுக்கும் மரத்துக்கும் தட்டுப்பாடு. வாசகனிடம் மின்கருவி இருக்கும் என்று அவர் எண்ணவே இடமில்லை. உளியைப் பிடிப்பது எப்படி, ரம்பம் கோடு விலகாமல் செல்வது எப்படி, திருகிய பலகையை இழைப்புளி ஒன்றாலேயே தட்டையாக்குவது எப்படி என்று ஒவ்வொன்றாக, தாமே வரைந்த படங்களோடு விளக்கினார். அக்கட்டுரைகளை அமெரிக்காவின் லாஸ்ட் ஆர்ட் பிரஸ் பதிப்பகம் 2016 முதல் தொகுதிகளாக வெளியிட்டது. நம் மொட்டைமாடிக்கும் ஹேவர்டின் வாசகன் வேலை செய்த சிற்றறைக்கும் உள்ள ஒப்புமை, கனெக்டிகட்டின் கார்க் கொட்டகைக்கும் நமக்கும் இல்லை.

பெயர்களாலும் அவர் நமக்கு அணுக்கமானவர். நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் வழங்கும் ஜாக் பிளேன், டெனன் சா, டிரை ஸ்கொயர் முதலியவை ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பெயர்கள். அமெரிக்க ஏட்டில் ‘டிம்பர்’ என்பது ‘லம்பர்’ ஆகிவிடும். ‘கிராம்ப்’ என்பது ‘கிளாம்ப்’ ஆகிவிடும். ‘ரிபேட்’ என்பது ‘ராபெட்’ ஆகிவிடும். பழகினால் சரியாகும், முதல் திங்களில் தடுமாற்றமே.

கைக்கருவி வேலையையே விரும்பும் புதிய இதழ் வேண்டுவோர்க்கு, மெய்ன் மாநிலத்தில் ஜோஷுவா கிளைன் 2016-இல் தொடங்கிய ‘மார்ட்டிஸ் அண்ட் டெனன்’ உண்டு. படிக்க இனியது, படமும் அழகு. ஆயின் அது பழங்கால அறைகலன்களின் ஆராய்ச்சியில் தோய்ந்தது. முக்காலி செய்யத் தெரியாதவன் முதலில் கட்ட வேண்டிய சந்தா அதுவென்று சொல்லமாட்டேன்.

மரத்தைக் கொண்டு அளத்தல்

கருவியைவிடப் பெரிய வேறுபாடு மரத்தில் உள்ளது. அமெரிக்க இதழ் ஓக், மேப்பிள், செர்ரி, வால்நட் என்றே பேசும். நம் கடைகளில் கேட்டாற் கிடைப்பவை தேக்கு, வேம்பு, மா, ரப்பர் மரம். மலிவாக வேண்டுமெனில், இயந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளை உடைத்தெடுத்த பைன் பலகை. (அப்பெட்டிகளில் வெப்பமூட்டியதற்கு எச்.டி. என்றும், மீதைல் புரோமைடு என்னும் நச்சுப்புகை இட்டதற்கு எம்.பி. என்றும் முத்திரை இருக்கும். முன்னதை எடுத்து, பின்னதை விடுக.)

மரம் எதுவானால் என்ன, மூட்டு ஒன்றுதானே என்பீர்கள். அங்கேதான் இடர். மரம் காற்றின் ஈரத்தை ஏற்று அகலும், வறட்சியில் சுருங்கும். நீளவாட்டில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அகலவாட்டில் நன்கு தெரியும். காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால் மரத்தின் உள்ளீரம் ஏறத்தாழ 6 விழுக்காட்டில் நிற்கும். 80 விழுக்காடானால் 16-ஐ நெருங்கும். ஐதராபாத்தின் சித்திரை வெயிலில் நீங்கள் ஒரு பெட்டி செய்து, அதை விடுமுறையில் நாகப்பட்டினத்துக்கோ தூத்துக்குடிக்கோ எடுத்துச் செல்வதாகக் கொள்வோம். உள்ளீரம் 7-லிருந்து 14 விழுக்காட்டுக்கு ஏறினால், 200 மில்லிமீட்டர் அகலமுள்ள, தட்டையாக அறுத்த செவ்வோக்குப் பலகை 5 மில்லிமீட்டர் அளவுக்கு அகலும். அதே அகலமுள்ள தேக்கு அதிற் பாதிதான், ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் அகலும்.

இதன் பொருள் என்ன? அமெரிக்க இதழ், ஓக்கில் செய்த இழுப்பறைக்கு இவ்வளவு இடைவெளி விடுக என்று எழுதும். அதை அப்படியே தேக்கில் பின்பற்றினால் இழுப்பறை கலகலத்து ஆடும். இடைவெளியே விடாமல் வறண்ட ஊரில் இறுக்கிச் செய்தாலோ, கடற்கரை ஊரில் திறக்கவே வராது. வரைபடத்தில் உள்ள எண்ணை மட்டும் தரும் இதழ் நமக்குப் போதாது. அந்த எண் எப்படி வந்தது என்று சொல்லும் இதழே வேண்டும். காரணம் தெரிந்தால் மரத்துக்கு ஏற்ப நாமே மாற்றிக்கொள்வோம். இவ்வகையில் ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ தலைசிறந்தது என்பேன். மரம் அசையும் வகையைப் பற்றி அது விரிவாக எழுதிவந்துள்ளது. கையில் காசில்லாதோர்க்கு ஒரு நற்செய்தியும் உண்டு. அமெரிக்காவின் மேடிசன் நகரிலுள்ள வனப்பொருள் ஆய்வகம் 1935-இல் முதன்முதல் வெளியிட்டு, பலமுறை திருத்திவந்துள்ள ‘உட் ஹேண்ட்புக்’ என்னும் கையேடு இணையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. மரங்களின் சுருக்க அளவுகள் அதில் அட்டவணையாகவே உள்ளன, தேக்கும் உண்டு.

தேக்கின் குணம் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். அதன் எண்ணெய்ப் பசையால் ஒட்டுப்பசை எளிதிற் பிடிக்காது. புதிதாக இழைத்த உடனே, கரைப்பானால் துடைத்து ஒட்ட வேண்டும். அதில் மணலையொத்த சிலிக்கா இருப்பதால் உளியின் கூர் விரைவில் மழுங்கும். ஆகவே கூர் தீட்டுவதைப் பற்றி நன்றாக எழுதும் இதழ் நமக்கு இருமடங்கு பயன்படும். உளியின் சரிவை 25 பாகையில் தீட்டி, நுனியை மட்டும் 30 பாகையில் மெருகிடுவது பொது வழக்கம். இந்த ஒன்றைத் தெளிவாகக் கற்பிக்காத இதழ், ஐம்பது மேசைகளின் வரைபடம் தந்தாலும் தொடங்குவோனுக்கு உதவாது.

இங்கே சிறிது விலகிச் செல்ல விடை தருக. ஆங்கிலத்தின் ‘டீக்’ என்னும் சொல், போர்ச்சுகீசியர் வாயிலாகச் சென்ற நம் ‘தேக்கு’தான். மரத்தின் உள்வயிரத்தையும் வெளிறையும் வேறுபடுத்த அமெரிக்க இதழ் இரண்டு கூட்டுச்சொற்களைப் பயன்படுத்தும். நமக்கோ வயிரம், வெளிறு எனத் தனிச்சொற்கள் உண்டு. உள்ளே வலியதை மரம் என்றும், புறத்தே வலியதைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்தது. பனையும் மூங்கிலும் அதனால் புல்லாயின. இவ்வளவு நுட்பமாகப் பெயரிட்ட மொழியில், இழைப்புளி பிடிக்க விரும்பும் மாணவன் ஆங்கில இதழ்களையே நாட வேண்டியிருக்கிறது. பெருமை பேசுவதைக் காட்டிலும் இக்குறையை எண்ணுவது நன்று.

அளவைகளைப் பற்றி அஞ்ச வேண்டா. அமெரிக்க இதழ் அங்குலத்தில் எழுதும். நம் மரக்கடையிலும் கன அடிதான் பேச்சு. அவர்கள் சொல்லும் ‘போர்டு ஃபுட்’ பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு கன அடி. ‘இரண்டுக்கு நான்கு’ என்று அவர்கள் எழுதும் கட்டை மட்டும், இழைத்த பின் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலமே. இதை அறிந்துகொண்டால் போதும்.

தச்சர் படிக்கக்கூடிய படம்

இதழ் ஒன்றே ஆசிரியராகுமா? இதற்கு விடையாக ஒரு வரலாறு சொல்லலாம். அதன் ஒரு முனை ஐதராபாத்தில், மறுமுனை புதுச்சேரியில்.

புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் ‘கோல்கோண்ட்’ என்னும் விடுதி உண்டு. நிஜாம் அரசின் திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்த நன்கொடை அதற்கு அடித்தளமாயிற்று. நம் கோல்கொண்டாவின் பெயர் அங்குச் சென்றது அதனால்தான். வடிவமைத்தவர் ஆன்டனின் ரேமண்டு. 1937 முதல் களத்தில் இருந்து பணியை நடத்தியவர், அமெரிக்காவிற் பிறந்த ஜப்பானிய மரபினரான ஜார்ஜ் நகஷிமா. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டடக்கலை பயின்றவர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற தச்சுக் கலைஞராகி, 1964-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் வந்தார்.

இத்தகைய படிப்புடையவர் கைத்தச்சின் நுட்பத்தை எங்கே கற்றார்? 1942-இல், போரை முன்னிட்டு ஜப்பானிய மரபினரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தபோது, ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் ஜென்டாரோ ஹிகோகாவா என்னும் மரபுத் தச்சரோடு சேர்ந்து உழைத்துக் கற்றார். பட்டம் பெற்றவர்க்கே பக்கத்தில் ஒரு தச்சர் தேவைப்பட்டார்.

குஷாய்குடாவில் நமக்கு அந்தக் குறையில்லை. என் தெருமுனைப் பட்டறையின் மேஸ்திரி தெலுங்கர். உடன் வேலை செய்வோர் வடநாட்டவர். புறாவால் மூட்டின் படமொன்றை ஒருநாள் அவரிடம் காட்டினேன். ஆங்கிலம் ஓரெழுத்தும் அறியார். ஆயினும் படத்தை ஒருகணம் பார்த்துவிட்டு, என் பென்சிலை வாங்கி, உளியை எந்தப் பக்கத்திலிருந்து இறக்க வேண்டும் என்று ஓர் அம்புக்குறி இட்டார். மறுபக்கமிருந்து அடித்தால் நார் பிளந்துகொண்டு போகும் என்றார். பிறிதோர் இதழின் பக்கத்தைக் காட்டினேன். பளபளப்பான வண்ண நிழற்படங்கள். நடுவே நீண்ட உரை. “படம் அழகாக இருக்கிறது. ஆனால் இதில் என்ன செய்யச் சொல்கிறார்கள்?” என்று கேட்டுத் திருப்பித் தந்தார்.

அன்றே எனக்கோர் அளவுகோல் கிடைத்தது. எந்த இதழின் வரைபடத்தை ஆங்கிலம் அறியாத தச்சர் படிக்க இயலுமோ, அதுவே தொடங்குவோனுக்கு ஏற்றது. வரைபடம் தெளிவாக இருந்தால் நமக்கு ஆசிரியர் இருவர், இல்லையேல் ஒருவர்தாம். ஹேவர்டின் கோட்டுப்படங்களும் ‘உட்ஸ்மித்’ இதழின் பிரித்துக் காட்டும் படங்களும் இச்சோதனையில் தேறும்.

பணமும் பாதுகாப்பும்

வெளிநாட்டு அச்சிதழுக்கு இதழின் விலையோடு அஞ்சற்செலவும் சேரும். வந்து சேரவும் நாளாகும். மின்னிதழாக வாங்குவது சிக்கனம். அதிலும் பழைய வெளியீடுகளையும் திறந்துவிடும் சந்தாவையே பார்த்து எடுக்க வேண்டும். தொடங்குவோனுக்குப் புதிய இதழைவிடப் பழைய இருபது ஆண்டுகள் பெரிது. ஓராண்டுக்குமேல் கட்ட வேண்டா. ‘அமெரிக்கன் உட்வொர்க்கர்’ 2014-இல் நின்றது. ‘பாப்புலர் உட்வொர்க்கிங்’ இதழை அப்போது நடத்திய எஃப் பிளஸ் டபிள்யூ நிறுவனம் 2019 மார்ச்சில் நொடித்தது. தானாகப் புதுப்பித்துப் பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்கும் கையெழுத்திடாதீர்கள்.

இன்னுமொன்றையும் பார்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இதே குஷாய்குடாவில் ஒரு மரக்கிடங்கில் தீப்பற்றி, அடுத்த கட்டடத்தில் குடியிருந்த ஒரே குடும்பத்தினர் மூவர் உயிரிழந்தனர். நாம் வேலை செய்வதும் பலர் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்தான். மரத்தூளைக் குவித்து வைக்கலாகாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து உலர்த்த வேண்டும், அல்லது நீரில் இட வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதற்பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே வைத்தது. இழைக்கும்போது முகமூடி அணிவது கோழைத்தனமன்று. இச்செய்திகளை மெருகெண்ணெய்க் கட்டுரையின் உள்ளேயே, உரிய இடத்தில் சொல்லும் இதழை நம்பலாம். கடைசிப் பக்கத்தில் சிற்றெழுத்தில் ஒதுக்கும் இதழை நான் நம்பமாட்டேன்.

என் முடிபைக் கேட்பீராயின்: முதலாண்டில் ஹேவர்டின் தொகுதி ஒன்றை மூவர் சேர்ந்து வாங்குக, அதனோடு ‘உட்ஸ்மித்’ மின்னிதழுக்கு ஓராண்டு கட்டுக. கூர் தீட்டவும், நேராக அறுக்கவும், ஒரு பெட்டியும் முக்காலியும் செய்யவும் கை பழகிய பின், இரண்டாமாண்டில் ‘ஃபைன் உட்வொர்க்கிங்’ பக்கம் செல்க. இம்முறையை மாற்றிச் செய்வோர் பலர். அவர்களிடம் அழகிய இதழ்கள் நிறைய உள்ளன, பெட்டிதான் இல்லை.

படிக்கும்போது அருகில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். என் ஏட்டில் நான்கு பத்தி இட்டிருக்கிறேன்: ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, இந்தி. உளி தெலுங்கிலும் ‘உலி’. ரம்பமும் சுத்தியும் இரு மொழிக்கும் பொது. நம் இழைப்புளி தெலுங்கில் ‘சித்ரிக’, இந்தியில் ‘ரந்தா’. நம் வாய்ச்சி அவர்க்குப் ‘பாடிசெ’. இதுவரை அறுபது சொற்கள் சேர்ந்துள்ளன. தமிழ்ப் பத்தியில்தான் வெற்றிடம் மிகுதி. தச்சுக் குடும்பத்திலிருந்து வந்த தோழர் எவரேனும் நம்மிடையே இருப்பின், வீட்டில் பெரியவர்களைக் கேட்டு அவற்றை நிரப்பித் தருக. ஏடு சங்க அறையின் அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது.